படம் எடுக்கும் முன் கிராம சபையில் வந்து உட்காருங்கள்: மாவட்ட வன உரிமைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்ட வன அலுவலர்களுக்கும், பழங்குடியினர் நல அலுவலர்களுக்கும், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

நான் நிலப்படம் வரைபவன். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிக் கிராமங்களில் வன உரிமைக் கோரிக்கைகளுக்காக முதலில் ஜி.பி.எஸ். கருவியோடும், பிறகு ட்ரோனோடும் அலைந்திருக்கிறேன். வானிலிருந்து எடுக்கும் படங்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என் சோறே அதில்தான். அந்தப் படங்களை வைத்து உங்கள் மேசைகளில் எடுக்கப்படும் முடிவுகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு மலைக் கிராமம். பதினொரு குடும்பங்கள் தாங்கள் பாடுபடும் நிலத்துக்கு வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்டு மனு கொடுத்தன. அதற்கு 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும். கிராம சபை விசாரித்து, தீர்மானம் போட்டு அனுப்பியது. மேலே போன கோப்பு இரண்டு வருடம் கழித்து ஒரே வரியோடு திரும்பி வந்தது: செயற்கைக்கோள் படத்தில் 2005-ல் சாகுபடி தென்படவில்லை, எனவே நிராகரிக்கப்படுகிறது. எந்தப் படம், எந்தத் தேதியில் எடுத்தது, யார் பார்த்துச் சொன்னது, எதுவும் அதில் இல்லை. அந்தப் படத்தை அந்த மக்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பல மாதம் கழித்து அதன் நகல் என் கைக்கு வந்தது. முழுக்கப் பச்சை. எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த நிலத்தில் நான் நடந்திருக்கிறேன். மேலே பலாவும் சில்வர் ஓக்கும். அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கீழே காப்பிச் செடிகள். இன்னும் மேலே சரிவில் ராகியும் சாமையும் போடும் கொத்துக்காடு, அதில் பாதி ஓய்வுக்கு விடப்பட்ட தரிசு. வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வைத்து வளர்த்த பலாவும் காட்டு மரமும் ஒன்றுதான். மரத்தடியில் ஒரு குடும்பமே குனிந்து காப்பி பறித்துக்கொண்டிருந்தாலும் படத்தில் வெறும் இலைதான் தெரியும்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. இந்திய வன அளவை நிறுவனமே தன் அறிக்கைகளில் வெளிப்படையாகச் சொல்வதுதான். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மர நிழல் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், நிலம் யாருடையது, என்ன மரம், எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்காமல் அதை வனப்பரப்பாகக் கணக்கிடுகிறார்கள். காப்பித் தோட்டமும் அந்தக் கணக்கில் வனம்தான். நாட்டின் மொத்தப் பசுமையை அளக்க அந்த முறை போதும். ஒரு குடும்பம் 2005 டிசம்பர் 13-க்கு முன் அந்த நிலத்தில் இருந்ததா என்று கேட்டால், அந்தப் படத்துக்குப் பதில் தெரியாது.

அளவையும் கொஞ்சம் பாருங்கள். அந்த வனக் கணக்கெடுப்புக்கு நீண்ட காலம் பயன்பட்ட லிஸ்-3 என்ற செயற்கைக்கோள் கேமராவின் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்), தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம் கணக்கில் 13 சென்டுக்கும் மேலே. ஒரு குடிசை அந்தப் புள்ளிக்குள் கரைந்து காணாமல் போய்விடும். அரை ஏக்கர் ராகிக் காடு நான்கு புள்ளிகூடத் தேறாது. மலையில் மேகமில்லாத படம் கிடைப்பதே பெரும்பாலும் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில். அப்போது கொத்துக்காடும் புல்வெளியும் ஒரே நிறம். இதையெல்லாம் கோப்பில் யாரும் எழுதுவதில்லை. "தென்படவில்லை" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதுகிறார்கள்.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் விதிகளில் 2012-ல் செய்த திருத்தத்தில், 12அ விதியின் 11-ஆம் உட்பிரிவு, செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்றச் சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்று சொல்கிறது. 13-ஆம் விதியில் சான்றுகளின் பட்டியலே இருக்கிறது: வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, தடுப்பணை, இடுகாடு, புனித இடம், பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். படத்தை மட்டும் வைத்துக் கோரிக்கைகளைத் தள்ளியதை 2013-ல் குஜராத் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆனாலும் கோப்புகள் அதே ஒற்றை வரியோடுதான் திரும்புகின்றன.

அந்த ஒற்றை வரியின் கனம் என்னவென்று 2019 பிப்ரவரியில் நாடே பார்த்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 13 அன்று உத்தரவிட்டது. ஆக்கிரமிப்புகளைச் செயற்கைக்கோள் மூலம் அளந்து தரும்படி வன அளவை நிறுவனத்துக்கும் அதே உத்தரவில் சொல்லப்பட்டது. பிப்ரவரி 28 அன்று வெளியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டு, எப்படி நிராகரித்தீர்கள் என்று மாநிலங்களிடம் கேட்கப்பட்டது. அந்தப் பதினைந்து நாளும் நான் போன ஊர்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, "சார், அந்தப் படத்துல நாங்க இல்லைன்னா நாங்க இல்லவே இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டான். என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இனி ட்ரோனைப் பற்றி. நான் சொன்ன அந்தப் பதினொரு குடும்பத்து ஊரில்தான் இது நடந்தது.

கிராம சபை கூடித் தீர்மானம் எழுதிய பிறகு, வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் தகவல் கொடுத்துவிட்டுப் போனோம். முதல் நாள் மாலை ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் சுண்ணாம்பு கரைத்து, பாறைகள் மேலும் களத்து மேட்டிலும் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகப் போட்டார்கள். ட்ரோன் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டும்போது தரையோடு பொருத்த அந்தக் குறிகள் வேண்டும். காலையில் மூடுபனி விலக ஒன்பது மணியாகிவிட்டது. ஒரு பேட்டரிக்கு இருபது நிமிடம். அதற்குள் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறத் தொடங்கும். மூன்று காலைப் பொழுதுகளில் வேலை முடிந்தது. 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு புள்ளி மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். களத்தில் காயும் மிளகைப் பரப்பிய பாயின் ஓரம்கூடத் தெரிந்தது.

டவுனில் ஃபிளெக்ஸ் போடும் கடையில் ஆறடிக்கு எட்டடியாக அச்சிட்டு, சமுதாயக் கூடத்தின் தரையில் விரித்தோம். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மட்டும் ஓரத்தில் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, இதுல தண்ணி எந்தப் பக்கம் எறங்குது?"

காட்டினேன். ஃபிளெக்ஸைத் திருப்பிப் போடச் சொன்னார். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பாட்டிக்கு மலை மேலே இருக்க வேண்டும், தண்ணீர் தன் கால் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டதும் ஓடையின் மேலேயே நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வளைவிலும் நின்று ஒரு பெயர் சொன்னார். மாலைக்குள் நாற்பத்துமூன்று பெயர்கள். என்னிடமிருந்த அரசு வரைபடத்தில் அவற்றில் இரண்டுதான் இருந்தன.

நிராகரிக்கப்பட்ட நிலத்துக்கு வந்ததும் குனிந்து, கைத்தடியால் பச்சையின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இங்கே கல்லுக்கட்டு இருக்கு. எங்க மாமனார் கட்டினது. நான் கல்யாணமாகி வந்தப்பவே பாசி புடிச்சுக் கெடந்துச்சு." படத்தில் கல்லும் இல்லை, கட்டும் இல்லை. மரத்தழைதான். மறுநாள் போய்ப் பார்த்தோம். காப்பிச் செடிகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில், வேர்கள் பின்னிப் பிடித்த கல் வரப்பு. நூற்றெண்பது தப்படி நீளம். 13-ஆம் விதி கேட்கும் அதே சான்று. செயற்கைக்கோளுக்கும் தெரியவில்லை, அத்தனை துல்லியமான என் ட்ரோனுக்கும் தெரியவில்லை. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது. ஆனால் படத்தை விரித்ததால்தான் அந்தப் பேச்சே வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவரை எந்த விசாரணையிலும் யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. பெரியவர்கள் ஐந்து இடங்களைக் காட்டி, இவை வெளியே போகும் படத்தில் வேண்டாம் என்றார்கள். இரண்டு தேன் பாறைகள், ஒரு கோயில், முன்னோர் கல் இருக்கும் ஓர் இடம், மருந்து வேர் எடுக்கும் ஓர் ஓரம். தேன் பாறை எங்கே என்று வெளியே தெரிந்தால் அடுத்த பருவத்தில் யார் யாரோ கயிறோடு வருவார்கள் என்றார் ஒருவர். அவர்கள் எதிரிலேயே அந்த இடங்களை மறைத்து, மூலப்படங்களைக் கிராம சபையின் வன்தட்டில் மட்டும் வைத்துவிட்டு வந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து இவ்வளவு காலமாகியும், ஒரு படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நான் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் சந்தித்தேன். உலகத்தின் பழங்குடி ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-ல் கேர் கோட்பாடுகள் என்று வெளியிட்டதன் சாரமும் இதுதான்: ஒரு சமூகத்தைப் பற்றிய தரவின் பலனும் அதன் மேலான அதிகாரமும் அந்தச் சமூகத்துக்கே.

வானத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு பெரிய துணை என்பதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதுமலையில் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் கொன்றை பூக்கும் பருவத்தில், ஒரு ட்ரோன் அரை மணி நேரத்தில் காட்டுவதை நடந்து கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். நிலச்சரிவு விரிசல், திருட்டு மண் அள்ளல், ஓடையில் கொட்டிய குப்பை, தீ போன தடம், எல்லாவற்றுக்கும் அது உதவும். உண்ணிச்செடி வேறு கதை. அது மர நிழலுக்கடியில் புகுந்துவிடும், மேலிருந்து பிடிபடாது. அது ஏன் இப்படிப் பரவியது என்று எந்தப் படமும் சொல்லாது. முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்போம், அது நின்ற பிறகுதான் உண்ணி ஏறியது என்று சோளகர் பழங்குடிப் பெரியவர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். பிலிகிரிரங்கன் மலையில் அந்தச் சோளகர்களின் தெய்வ இடங்களையும் குலங்களின் எல்லைகளையும் ஜி.பி.எஸ். கொண்டு அவர்களோடு நடந்தே குறித்தார்கள். 2011-ல் அங்கே கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது ஊருக்கே பொதுவான காட்டு உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டில் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

இதே கருவி வேறு கையில் என்ன செய்யும் என்பதற்கு உத்தராகண்டின் கார்பெட் காட்டைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே நீண்ட நாள் தங்கி ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்களைப் பயமுறுத்தி விரட்டவே அவர்கள் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடப்பட்டிருக்கிறது. விலங்குகளைக் கணக்கெடுக்க மரத்தில் கட்டிய கேமராவில் பதிவான ஒரு பெண்ணின் படம் உள்ளூர் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கிறது. கேமராவுக்கு அஞ்சிப் பெண்கள் காட்டில் சத்தமாகப் பேசுவதையும் பாடுவதையும் குறைத்துக்கொண்டார்கள். யானையும் புலியும் உள்ள காட்டில் குரல் கொடுத்துக்கொண்டு போவது உயிர்க்காப்பு. நம் மலைகளிலும் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். ஓடையில்தான் குளிக்கிறார்கள். நான் முதன்முதலில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஊரின் மேல் ட்ரோனை ஏற்றிய நாளில், கீழே இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு புதருக்குள் ஓடியதைத் திரையில் பார்த்தேன். அந்தக் காட்சியை நான் எடுத்திருக்கவே கூடாது. அன்றிலிருந்து ஊர்ப் பெண்களிடம் நேரம் கேட்காமல் பறக்கவிட்டதில்லை.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் பாறு கழுகுகள் கூடு வைக்கின்றன. கூட்டுக்கு அருகே ட்ரோன் போனால் பறவை மிரண்டு எழும். எந்த மரத்தில் எந்த மாதம் கூடு என்று அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை பார்க்கும் பழங்குடி இளைஞர்களுக்குத் தெரியும். இதற்கும் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உலகின் வேறு பக்கங்களில் பழங்குடிகளே இந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பல வருடம் ஆகிறது. கயானாவின் வாபிசான் மக்கள் 2014-ல் தாங்களே ஒரு ட்ரோனைக் கட்டிப் பறக்கவிட்டுத் தங்கள் காட்டில் நடந்த மர வெட்டலைப் படமெடுத்தார்கள். பிரேசிலின் ரொண்டோனியாவில் உரு-எவ்-வாவ்-வாவ் மக்கள் 2019-ல் பயிற்சி பெற்று, நில அபகரிப்பாளர்கள் காட்டை அழிப்பதைக் கையும் களவுமாகப் பதிவு செய்தார்கள். இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் தயாக் கிராமங்கள் ட்ரோன் படங்களைச் சுரங்கத்துக்கு எதிரான சான்றாக்கின. நம் ஊரில் அதே வேலையை ஒரு கிராம சபை செய்ய நினைத்தால் எங்கே போய்க் கேட்பது என்றே தெரியாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எளிமையானவை. தடையில்லாப் பகுதி என்று குறித்த பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். இரண்டு கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் இயக்க பைலட் சான்றிதழும் வேண்டாம். ஆனால் காட்டு எல்லை என்று வந்துவிட்டால் எல்லாக் கதவும் மூடிக்கொள்கிறது. சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம், 5-ஆம் பிரிவுகள் கிராம சபைக்கு அதிகாரம் தந்திருக்கின்றன. காக்கச் சொல்லிவிட்டு மேலேறிப் பார்க்க விடமாட்டோம் என்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். வான்படத்தை மட்டும் காட்டி எந்தக் கோரிக்கையையும் தள்ளாதீர்கள். படத்தைச் சான்றாக எடுத்தால் அதன் தேதி, எந்தக் கருவி, ஒரு புள்ளி எத்தனை மீட்டர் என்பதைக் கோப்பில் எழுதி, அச்சிட்ட நகலை மனுதாரர் கையில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டம் தரும் அறுபது நாள், அந்த நகல் அவர்கள் கைக்கு வந்த பிறகே ஓடத் தொடங்கட்டும். அப்படிப் படத்தை மட்டும் காட்டி ஏற்கெனவே தள்ளிய கோப்புகளைத் திரும்ப எடுத்து, கூட்டுப் புலத்தணிக்கைக்கு அனுப்புங்கள்.

பழங்குடிக் குடியிருப்புகள் மேலும் அவர்கள் புழங்கும் காட்டின் மேலும் எந்தத் துறையும், எந்த ஆய்வு நிறுவனமும், எந்தத் தொண்டு நிறுவனமும் ட்ரோன் விடுவதற்கு முன் கிராம சபையின் தீர்மானம் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யானை ஊருக்குள் வந்துவிட்டது, தீ பிடித்துவிட்டது என்றால் தீர்மானத்துக்குக் காத்திருக்க முடியாது, புரிகிறது. அப்போதும் ஊர்த் தலைவருக்கு ஒரு போன் போட முடியும். எடுத்த படத்தின் நகல் ஊருக்கு வரட்டும். எதை மறைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆளில்லா வான்கலங்களுக்கென்றே அரசுக் கழகம் இருக்கிறது. பழங்குடியினர் நலத்துறை அதோடு பேசி, சமூக வன உரிமை பெற்ற ஊர்களிலிருந்து தொடங்கினால் போதும். அன்றைக்குச் சுண்ணாம்புக் குறி போட்ட நால்வரில் ஒரு பெண், நான் ஒரு முறை காட்டியதை வைத்தே மறுநாள் பறப்புப் பாதையைத் தானாக வரைந்துவிட்டாள். காற்று எப்போது திரும்பும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பதினொரு குடும்பங்களின் மறுபரிசீலனை மனு இன்னும் மேசையில் இருக்கிறது. கல் வரப்பின் புகைப்படங்கள், அளவுகள், கிராம சபைத் தீர்மானம், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் இணைத்திருக்கிறோம். பாட்டிக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும், "வரச் சொல்லு, நானே கூட்டிப் போய்க் காட்டறேன்" என்கிறார். ஜீப் போகும் பாதை முடிகிற இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. மழை பிடித்துவிட்டால் ஓடையைக் கடக்க முடியாது. அதற்கு முன் ஒரு தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
மலைக் கிராமங்களில் நிலப்படம் வரையும் ஒருவன்